நானும் உருட்டட்டுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மூன்றடிப் புதருக்குப் பின்னால் பத்தடி ஓகர் ஒருவன் ஒளிந்திருந்தான். ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ (டி அண்டு டி) ஆட்டத்தில் என் கேரக்டரான ரேஞ்சர் அவனைப் பார்க்கவில்லை. இருபதுமுகப் பகடையான டி20-இல் இரண்டு விழுந்தது. விஸ்டத்துக்கு மூன்று, தேர்ச்சிக்கு மூன்று, ஆக மொத்தம் எட்டு. ஓகர் ஒளிந்துகொள்ள உருட்டியது ஒன்பது.

“அண்ணா, உங்களுக்கு ஒண்ணும் தெரியல. குருவி கத்துது” என்றான் ஆட்டத்தை நடத்தும் எங்கள் டி.எம்.

குருவி கத்தி முடிப்பதற்குள் முதுகில் தடி இறங்கியது. 13 புள்ளி போச்சு.

“டேய், அவன் பத்தடிடா. புதர் மூணடி.”

“உக்காந்திருந்தான் அண்ணா.”

சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைக்க எவ்வளவு ஸ்டெல்த் வேண்டும் என்று இதுவரை எந்தப் பதிப்பிலும் அச்சிட்டதில்லை. ஒன்பது போதும் என்று இப்போது தெரிகிறது.

அடி வாங்கியதுகூடப் பெரிதில்லை. நாலாவது லெவலில் மற்றவர்கள் எல்லாரும் வாளைக் கூர்தீட்டிக்கொண்டு, வில்லைப் பலப்படுத்திக்கொண்டு போனபோது, நான் ஒருவன் மட்டும் ‘அப்சர்வன்ட்’ என்ற ஃபீட்டை எடுத்தேன். விஸ்டம் ஒன்று ஏறும், உதட்டசைவைப் படிக்கலாம், பாஸிவ் பெர்செப்ஷனில், அதாவது உருட்டாமலே கவனிக்கும் திறனில், ஐந்து கூடும். பத்து, விஸ்டம் மூன்று, தேர்ச்சி மூன்று, ஃபீட் ஐந்து. மொத்தம் 21. சும்மா இருக்கும்போது என் ரேஞ்சருக்கு 21. அதாவது பல் குத்திக்கொண்டு, நேற்று ராத்திரி விடுதியில் சாப்பிட்ட கறியை நினைத்துக்கொண்டு நடந்தால் அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. டி.எம். “உருட்டுங்க” என்ற பிறகு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தால் எட்டு. அந்த ஃபீட்டின் ஐந்து பாஸிவுக்கு மட்டும்தானாம், உருட்டினால் கூடாதாம். முயற்சி செய்யச் செய்யக் கண் மங்குகிற ஒரு வேட்டைக்காரனை நான் ஆறு மாதமாக வளர்த்து வருகிறேன்.

ஒரு கேரக்டர் எவ்வளவு கூர்மையானவன் என்று கணக்கிட நியாயமான வழி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், இந்த விஷயத்தில் நம்மை ஐம்பது வருடமாக எப்படிப் படுத்தியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போட்ட முதல் டி அண்டு டி-யில் பெர்செப்ஷன் என்ற சமாச்சாரமே கிடையாது. ரகசியக் கதவைத் தேடினால் ஆறுமுகப் பகடையில் ஒன்றோ இரண்டோ விழ வேண்டும். எல்ஃபாக இருந்தால் நான்கு வரை போதும். டி.எம். மனது வைத்தால் எல்ஃப் தேடவே வேண்டாம். கதவைத் தாண்டி நடந்தாலே ஆறில் இரண்டு பங்கு வாய்ப்பு. கதவில் காது வைத்துக் கேட்டால் மனிதனுக்கு ஆறில் ஒன்று; எல்ஃப், ட்வார்ஃப் வகையறாவுக்கு ஆறில் இரண்டு. பிணங்கள் நடமாடினால் சத்தமே வராது என்று தனியாக ஒரு குறிப்பு. இவ்வளவுதான் சட்டம். மிச்சத்தை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். “விரிப்பைத் தூக்கிப் பாக்கறேன்”, “தரையைத் தட்டிப் பாக்கறேன்”, “சுவர்ல காத்து வருதான்னு மெழுகுவர்த்தியைக் காட்டறேன்.” சாமான் பட்டியலில் பத்தடிக் கழி ஒன்று இருந்தது, விலை ஒரு தங்கக் காசு. அந்தக் காலத்தின் பெர்செப்ஷன் அந்தக் கழிதான். குத்திக்கொண்டே போக வேண்டியது; தரை உள்வாங்கினால் பொறி.

நான்கு வருடத்தில் இதைக் கெடுத்தார்கள். 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்டு டி-யின் ஆட்டக்காரர் புத்தகத்தைத் திறந்தால் ட்வார்ஃபுக்குச் சதவீதம் போட்டிருக்கும். நடைபாதை சரிவாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 75. புதிதாகக் கட்டியதா என்று கண்டுபிடிக்க 75. குழி, விழும் பாறை மாதிரிப் பொறிகளுக்கு 50. நகரும் சுவருக்கு 66⅔. இந்த மூன்றில் இரண்டை எந்தப் பகடையில் உருட்டுவது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நூறுமுகத்தில் 67 விழுந்தால் என்ன செய்வது? ட்வார்ஃப் சுவரை மூன்றில் இரண்டு பங்கு பார்த்துவிட்டான் என்றா?

அதே புத்தகத்தில் முதல் லெவல் திருடனுக்குச் சத்தம் கேட்கும் திறன் 10 சதவீதம். நான்கு வருடத்துக்கு முன்னால் எந்தப் பயிற்சியும் இல்லாத மனிதனுக்கு ஆறில் ஒன்று, அதாவது கிட்டத்தட்ட 17 சதவீதம். திருட்டைத் தொழிலாக எடுத்துக்கொண்டவனுக்குத் தெருவில் போகிறவனைவிடக் காது மந்தம். இருந்தாலும் எல்லாரும் எல்லாக் கதவிலும் காதை வைத்தோம். அது தொல்லையாகப் போய், அதற்கென்றே ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தார்கள்: ‘இயர் சீக்கர்’, 1977-இன் மான்ஸ்டர் மேனுவலில் இருக்கிறது. மரக் கதவில் குடியிருக்கும். காது வைத்தால் உள்ளே புகுந்து முட்டையிடும். குஞ்சுகள் மூளைப் பக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டு போகும். ஒட்டுக்கேட்பவர்களைத் திருத்த இவ்வளவு சிரத்தை எடுத்த இன்னொரு பொழுதுபோக்கை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. என்னால் மன்னிக்க முடியாதது மூன்றாம் பதிப்பு. 2000-இல் வந்தது, 2003-இல் மூன்றரை என்று திருத்தினார்கள். பார்ப்பதற்கு ஸ்பாட், கேட்பதற்கு லிஸன், தேடுவதற்கு ஸர்ச் என்று மூன்று தனித்தனித் திறன்கள். ஸ்பாட், லிஸன் இரண்டுக்கும் பத்தடி தூரத்துக்கு ஒன்று கழிவு. லிஸனுக்கு ஓர் அட்டவணை உண்டு. அதை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன், வீட்டில் யாரும் கேட்பதில்லை. மெதுவாக நடக்கும் கவசமில்லாத ஆளின் சத்தத்துக்கு டி.சி., அதாவது எட்ட வேண்டிய எண், 10. கிசுகிசுப்புக்கு 15. பதுங்கி வரும் பூனைக்கு 19. இரையின் மேல் பாயும் ஆந்தைக்கு 30. பூனைக்கு 20 என்று வைத்தால் அதிகம், 18 வைத்தால் குறைச்சல் என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார். அவர் பூனை வளர்த்திருக்க வேண்டும். ஆந்தை விஷயத்தில் எலிகளைத்தான் கேட்டிருப்பார்கள்.

பேச்சுச் சத்தத்துக்கு டி.சி. பூஜ்யம். போர்ச் சத்தத்துக்கு மைனஸ் 10. சும்மா நின்றாலே காதில் விழும் என்று அர்த்தம். விழுமா? கணக்குப் போடுவோம். லிஸனில் எந்தத் தேர்ச்சியும் இல்லாத ஒரு சராசரிக் குடியானவன். அவனுக்குச் சராசரியாக ஒரு பத்து விழுகிறது. பத்தடிக்கு ஒன்று கழியும். இருநூறு அடியில் அவன் கையில் மைனஸ் 10 இருக்கும், போர் கேட்கும். இருநூற்றுப் பத்தடியில் மைனஸ் 11. கேட்காது. அறுபத்து நான்கு மீட்டர்! தெருவின் இந்தக் கோடியில் நின்றுகொண்டிருக்கிறான். அந்தக் கோடியில் ஆயிரம் பேர் கேடயத்தில் கோடாலியால் அடித்துக்கொள்கிறார்கள். இவன் ‘இன்னிக்கு என்ன ஊரே அமைதியா இருக்கு’ என்கிறான். எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் கட்டும் ஒலிபெருக்கிக்கு இந்த அட்டவணையில் இடமே கிடையாது. அதற்கு மைனஸ் இருநூறாவது வேண்டும்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் என்று வையுங்கள். கதவுக்கு டி.சி.யில் ஐந்து கூடும். போர் இப்போது நூற்றைம்பது அடிக்குள் நடந்தால்தான் உண்டு. தூங்கிவிட்டான் என்றால் இன்னொரு பத்து கழியும், ஐம்பதடி. பதினைந்து மீட்டர், எதிர்வீடு. எதிர்வீட்டில் போர் நடந்தால் எழுந்திருப்பான், அதற்கடுத்த வீடென்றால் புரண்டு படுப்பான். சரி, இவன் குடியானவன், ஓட்டைக் கதவு. கோட்டையில் இருக்கும் ராஜாவை எடுங்கள். கோட்டைக்குக் கல்சுவர். கல்சுவருக்கு 15 கூடும். மைனஸ் 10-உம் 15-உம் சேர்ந்தால் ஐந்து. தூங்கும் ராஜாவுக்குப் பத்து விழுந்தால், தூக்கத்துக்குப் பத்து போய்க் கையில் பூஜ்யம். பூஜ்யத்தை வைத்து ஐந்தை எட்ட முடியாது. தூரமே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில்காலை ஒட்டிப் போர் நடக்கிறது, ராஜா குறட்டை. இப்படித்தான் கோட்டை விடுகிறார்கள். மூன்றாம் பதிப்பு உலகங்களில் ஏன் எல்லாச் சாம்ராஜ்யமும் இடிந்து கிடக்கிறது, ஏன் எங்கே பார்த்தாலும் பாழடைந்த கோட்டை என்று எனக்கு இருந்த சந்தேகம் இந்தக் கணக்கில் தீர்ந்தது.

ஸ்பாட்டுக்கு வாருங்கள். இதற்கும் அதே பத்தடிக்கு ஒன்று. என் எல்ஃப் ஒரு பௌர்ணமி ராத்திரியில் அண்ணாந்து பார்க்கிறான். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரம். அடியில் சொன்னால் ஏறக்குறைய 126 கோடி. பத்தால் வகுத்தால் 12 கோடியே 60 லட்சம் கழிவு. எல்ஃபுக்குக் கூர்ங்கண் சலுகை உண்டு: பிளஸ் இரண்டு. மிச்சத்துக்கு அவன் எங்கே போவான்? சட்டம் தெரிந்த யாராவது இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்பாட், நிலா ஒளிந்திருக்கவில்லை என்பார்கள். எனக்கும் தெரியும். அமாவாசைக்கு என்ன சொல்வீர்கள்?

ஸர்ச் இன்னும் மோசம். ஐந்தடிச் சதுரம் ஒன்றைத் தேட ஒரு ரவுண்டு, ஆறு விநாடி. ஒழுங்காகத் தேட வேண்டுமானால் ‘டேக் 20’. இருபது மடங்கு நேரம், சதுரத்துக்கு இரண்டு நிமிடம். முப்பதுக்கு முப்பது அறையில் 36 சதுரம். எழுபத்திரண்டு நிமிடம். பந்தம் எரிவது ஒரு மணி நேரம். கடைசி ஆறு சதுரத்தைத் தொடும்போது இருட்டு. எல்லா டி.எம்.களும் புதையலை அந்த மூலையில்தான் வைப்பார்கள்.

மூன்றையும் சேர்த்து ஒரே பெர்செப்ஷன் ஆக்கினார்கள், 2008-இல் நாலாம் பதிப்பிலும் அடுத்த வருடம் பாத்ஃபைண்டரிலும். நல்லது. ஆனால் அதை விஸ்டத்தின் கழுத்திலேயே கட்டிவிட்டார்கள், இன்றுவரை அவிழ்க்கவில்லை. என் கோபத்தில் பாதி இதன் மேல்தான். விஸ்டம் யாருக்கு அதிகம்? கிளெரிக்குக்கு, டிரூயிடுக்கு. சாமி கும்பிடுகிறவரும் மரத்தோடு பேசுகிறவரும். ராத்திரி முழுக்கப் பூட்டையும் சன்னலையும் பார்த்தே பிழைப்பு நடத்துகிற திருடனுக்கு டெக்ஸ்டெரிட்டிதான் பிரதானம். ஒரு சுவடியில் ஒரு புள்ளி மாறியிருந்தால் கண்டுபிடிக்கிற மந்திரவாதிக்கு இன்டெலிஜென்ஸ். இவர்கள் இருவரும் வாசலில் கட்டிய கம்பியில் தடுக்கி விழ, பின்னால் கண்ணை மூடி ஜபம் பண்ணிக்கொண்டு வரும் கிளெரிக் “பாத்து வாங்கப்பா, கம்பி இருக்கு” என்கிறார். தவத்தில் உட்கார்ந்து, மேலே புற்று வளர்ந்ததையே கவனிக்காத முனிவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம்மிடம் வந்து, ஞானம் முற்றினால் கண் கூர்மையாகும் என்றால் எப்படி ஒத்துக்கொள்வது?

எங்கள் குழுவில் கிளெரிக்காக ஆடுவது ஓர் அக்கா. விஸ்டம் 18, பாஸிவ் 17. ஆட்டம் தொடங்கியதிலிருந்து கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். “இப்ப நாம எங்க இருக்கோம்?” என்று வாரம் தவறாமல் கேட்பார். கல்லறையில் இருக்கிறோம் என்று சொன்னால் “யாரு செத்தா?” என்பார். அவருடைய கிளெரிக்கின் கண்ணுக்குத் தப்பிய பொறி இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. நான் தனி நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்தக் கல்லில் பாசி இல்லை, சத்திரக்காரன் முதல் நாள் எந்தக் கையால் காசு வாங்கினான், மறுநாள் எந்தக் கையால் வாங்கினான், எல்லாம் அதில் இருக்கும். சத்திரக்காரன் வேடதாரி என்று மூன்று வாரம் முன்னாலேயே சொன்னேன். “அது உங்களுக்குத் தெரியும் அண்ணா, உங்க ரேஞ்சருக்குத் தெரியாது, உருட்டுங்க” என்றான் டி.எம். ஆறு விழுந்தது. சத்திரக்காரன் மிகவும் நல்லவன் என்று என் ரேஞ்சர் நம்ப ஆரம்பித்தான்.

இருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டார்க்விஷன் இருக்கிறவர்கள் இருட்டில் பட்டப்பகல் என்று நடக்கிறார்கள். நாங்கள் ஆடும் 2014 புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது: டார்க்விஷனுக்கு இருட்டு மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும், மங்கல் வெளிச்சத்தில் பார்வைக்கு டிஸ்அட்வான்டேஜ், பாஸிவில் ஐந்து கழிக்க வேண்டும். உங்கள் குழுவில் யாராவது இதுவரை அந்த ஐந்தைக் கழித்ததுண்டா? எங்கள் ட்வார்ஃபிடம் கேட்டால் “பந்தம் வாங்கக் காசு இல்லண்ணா” என்கிறார். போன மாதம்தான் ஒரு டிராகனின் குகையைத் துடைத்துவிட்டு வந்தோம்.

இனி, உருட்டும் முறை. ஒருவர் கேட்கிறார், உருட்டுகிறார், ஆறு. டி.எம். “ஒண்ணுமில்ல” என்கிறான். அந்த ஒண்ணுமில்லையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். கொஞ்சம் சீக்கிரம் வரும், கொஞ்சம் சந்தோஷமாக வரும். உடனே சுற்றி நாலு பேரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். “நானும் உருட்டட்டுமா?” குதிரையைக் கட்டப் போன பார்பேரியன்கூட அங்கிருந்தே உருட்டுகிறார். டி.சி. 15 என்று வையுங்கள், நடுத்தரக் கஷ்டம் என்று புத்தகம் சொல்லும் எண். எந்தச் சலுகையும் இல்லாத ஒருவர் ஜெயிக்க 30 சதவீதம். ஐந்து பேர் உருட்டினால் யாராவது ஒருவர் ஜெயிக்க 83 சதவீதம். டி.எம். ராத்திரி கண்விழித்து ஒளித்துவைத்ததைக் கூட்டம் கூடியே கண்டுபிடித்துவிடலாம். நானும் கேட்பவன்தான், பொதுவாக நாலாவது ஆளாக. முதல் ஆளாகக் கேட்பது நாகரிகமில்லை.

இதே ஞாயிற்றுக்கிழமை, ஓகர் போன பிறகு ஒரு கதவில் இதே கூத்து. ஒருவருடைய பகடை முறுக்குத் தட்டில் சாய்ந்து நின்றது. அது 18-ஆ 4-ஆ என்று பத்து நிமிடம் சண்டை. மறுபடி உருட்டச் சொன்னோம். அவர் கோபத்தில் வீசியதில் பகடை தரையில் ஓடிப் போனது. பச்சைப் பளிங்கு நிறம், வெள்ளை எண். ஐந்து பேரும் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு சோபாவுக்கு அடியில் படுத்தோம். எங்கள் கேரக்டர்களின் பாஸிவைக் கூட்டினால் எண்பதைத் தாண்டும். காபி கொண்டுவந்த நண்பரின் அம்மா கதவு நிலையிலேயே நின்று, “இதையா தேடறீங்க?” என்று ஷூ ஸ்டாண்டைக் காட்டினார். பகடை ஒரு செருப்புக்குள் இருந்தது. பதினொன்று காட்டியது. அது செல்லாது என்று மறுபடி சண்டை.

சரி, உருட்டுவதை டி.எம்.மே திரைக்குப் பின்னால் உருட்டட்டும் என்று 2019-இல் இரண்டாம் பாத்ஃபைண்டர் ஒரு வழி சொன்னது. ரகசிய ரோல். என்ன விழுந்தது என்று நமக்குத் தெரியாது, ஆகவே “ஒண்ணுமில்ல” என்றால் நம்பித்தான் ஆக வேண்டும். எங்கள் டி.எம். இதை இரவல் வாங்கினான். இரண்டாவது வாரத்தில் காரணமே இல்லாமல் திரைக்குப் பின்னால் உருட்டி, தலையை ஆட்டி, “ம்” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தான். காலியான ஒரு நடைபாதையை நாங்கள் கழியால் குத்திக் குத்திக் கடக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

துப்பறியும் ஆட்டங்களில் இது விளையாட்டல்ல, விபத்து. 1981-இல் வந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’வில் ஸ்பாட் ஹிடன் என்ற திறன் சும்மாவே 25 சதவீதத்தில் தொடங்கும். யாரும் புள்ளி போடாவிட்டால் நாலில் மூன்று தடவை தோற்கும். மேசை மேல் கடிதம். அதில்தான் அடுத்த ஊரின் பெயர். எல்லாரும் தோற்றுவிட்டார்கள். என்ன செய்வது? கதை நூலகத்திலேயே நின்றுவிடும். கதுல்ஹு கடலுக்கடியில் காத்துக்கொண்டே இருப்பார். இதைப் பார்த்துச் சலித்துத்தான் ராபின் லாஸ் ‘கம்ஷூ’ முறையை எழுதினார். 2007-இல் ‘தி எஸோடெரரிஸ்ட்ஸ்’ ஆட்டத்தில் வந்தது. தகுந்த திறமை உள்ளவர் தகுந்த இடத்தில் தேடினால் முக்கியமான துப்பு கிடைத்தே தீரும், பகடையே வேண்டாம். துப்பைக் கண்டுபிடிப்பதல்ல, கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்கிறாய் என்பதுதான் ஆட்டம் என்றார். இதை எங்கள் குழுவில் சொன்னேன். “அப்ப டைஸ் எதுக்கு?” என்றார் பார்பேரியன். அவரிடம் பதினாறு செட் இருக்கிறது. பாவம், அவர் கவலை அவருக்கு.

உண்மையில் நம் கேரக்டருக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. இருப்பது டி.எம்.மின் வாய் ஒன்றுதான். அந்த வாய் திறந்தால் உலகம் உண்டு. “அறை. இருபதுக்கு முப்பது. நடுவுல மேசை.” மேசை எப்படி இருக்கிறது? “மேசை மாதிரி இருக்கு.” நேச்சுரல் இருபது விழுந்தால்? “ரொம்பத் தெளிவாத் தெரியுது அண்ணா. மேசை.” பத்தடிக் கனசதுரமாக நடைபாதையை அடைத்து நிற்கும் ஜெலட்டினஸ் கியூபைக் கண்டுபிடிக்க டி.சி. 15 என்று போட்டிருக்கிறார்கள். அதன் வயிற்றில் பாதி செரித்த எலும்புக்கூடு ஒன்று அந்தரத்தில் நிற்கிறது என்று டி.எம். வாய் திறந்து சொல்லிவிட்டால், எட்டாம் வகுப்புப் பையன்கூடப் பின்வாங்கிவிடுவான். சொல்லாமல் உருட்டச் சொன்னால் நேராக அதற்குள் நடந்து போக வேண்டியதுதான். அங்கே குருடு யார், நானா?

அதே டி.எம். சுவரில் இருக்கும் மெழுகுவர்த்தித் தண்டைப் பற்றி மட்டும் நாலு வரி பேசினால், அதைத் திருகினால் கதவு திறக்கும் என்று நமக்குத் தெரியும். எங்கள் டி.எம். பையன் பொறி இருக்கும் இடம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். பெரிய பொறி என்றால் இரண்டு கண்ணாடியையும் துடைப்பான். சின்னது என்றால் வலது மட்டும். ஓகர் வந்த அன்று துடைக்கவே இல்லை. புது பிரேம் போட்டிருந்தான். இப்படி முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது மெட்டாகேமிங் என்கிறான். ஒரு மனுஷனை உட்கார்ந்து மாதக்கணக்கில் கவனித்ததற்குப் பெயர் மோசடி. ஒரு பிளாஸ்டிக் துண்டை வீசியதற்குப் பெயர் கவனிப்பு.

இதற்கிடையில் 2024-இல் புத்தகத்தைத் திருத்தினார்கள். என் ஃபீட்டின் ஐந்து போய்விட்டது. பதிலுக்குப் பெர்செப்ஷனில் ஏற்கெனவே தேர்ச்சி இருந்தால் அது இரட்டிப்பாகும், ஸர்ச்சை போனஸ் ஆக்‌ஷனாகச் செய்யலாம். புது விதிக்கு மாறலாம் என்று குழு வாக்கெடுத்தால் என் பாஸிவ் 21-இலிருந்து 19-க்கு இறங்கும். உருட்டினால் மட்டும் மூன்று கூடுமாம். அதாவது ஓகர் அன்று எனக்குப் பதினொன்று வந்திருக்கும், பார்த்திருப்பேன். இதை எந்த முகத்தோடு வரவேற்பது என்று தெரியாமல் இருக்கிறேன். வாக்கெடுப்பை இரண்டு தடவை நான்தான் தள்ளிப்போட்டேன்.

கேரக்டரின் கூர்மையைக் கணக்கிடும் அந்த நியாயமான வழியைச் சொல்கிறேன் என்றேன். அதற்கு விஸ்டத்தையும் இன்டெலிஜென்ஸையும் தூரத்தையும் வெளிச்சத்தையும் புதரின் உயரத்தையும் சேர்த்து ஒரு சின்ன அட்டவணை போட வேண்டும். போட்டுவிட்டேன், ஏழு பக்கம் வந்திருக்கிறது. குழுவில் காட்டினேன், அக்கா மட்டும் கைபேசியிலிருந்து நிமிர்ந்து, மூன்றாம் பக்கத்தில் கூட்டல் தப்பு என்றார். திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவர் உருட்டித் தோற்ற பிறகு, தயவுசெய்து, “நானும் உருட்டட்டுமா?” என்று கேட்காதீர்கள். விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், கூரையைப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், புதருக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். முடியாது, கேட்டே தீருவேன் என்றால் எங்கள் குழுவுக்கு வராதீர்கள். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறோம்.